போனின் முதுகைப் பாருங்கள்

திங்கட்கிழமையிலிருந்து ஓசூர் வட்டாரம் உங்கள் மூன்று பேருடையது. கார்டு மெஷின் பெட்டி, சார்ஜர், பேப்பர் ரோல், கடைப் பட்டியல் எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டீர்கள். மெஷினை எப்படிப் பொருத்துவது, சிம் எப்படிப் போடுவது, கடைக்காரர் பாஸ்வேர்டை மறந்தால் என்ன செய்வது, அதெல்லாம் டிரெய்னிங் வீடியோவில் இருக்கிறது. வீடியோவில் இல்லாத ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. மூன்று வருடம் வெயிலில் ஸ்கூட்டி ஓட்டி இந்த வேலையைப் பார்த்தவர்களை நம் ஆபீசில் யாரும் சீனியர் என்று சொல்வதில்லை, "இன்னுமா இருக்கீங்க?" என்றுதான் கேட்பார்கள். அந்த வகையில் இருபத்தாறு வயதில் எனக்குப் பணி ஓய்வு. பெங்களூரு ஆபீசில் ஏசிக்கு நேர் கீழே நாற்காலி போட்டிருக்கிறார்களாம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு உண்மை. நான் வேகமாகப் பேசுவேன். மத்தூர்க்காரி, கிருஷ்ணகிரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் அதை யாரிடமாவது சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. போனுக்குள் கார்டை ஏற்றி வைத்துக்கொண்டு, கடையில் லாக்கைத் திறந்து, போனின் முதுகை மெஷின் மேல் ஒரு விநாடி வைத்தால் பணம் போய்விடுகிறது. கடைகளில் இதை 'டச் பண்றது' என்பார்கள். இந்த டச்சை வித்தை காட்டுகிறவளைப் போலக் கடை கடையாகக் காட்டிக்கொண்டு திரிந்தேன். மத்தூரில் எங்கள் தெருக்காரர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் கேட்டார்: "ஏம்மா, கிட்ட வெச்சாலே காசு போவுதுன்னா, பஸ்ல இடிச்சிகினு நிக்கறவன் ஒரு மெஷின் வெச்சிருந்தா?"

நான் லாக், ரகசிய எண், அலைவரிசை என்று பத்து நிமிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லாக் தொறந்தாத்தான் போவும்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாம். டீ ஆறுது, குடி" என்றார்.

டீயைக் குடித்தேன். பாடம் இறங்கவில்லை. அது இறங்க மத்திகிரி வரைக்கும் போக வேண்டியிருந்தது.

உங்கள் பட்டியலில் மத்திகிரியில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கும் பாருங்கள், வாடகை வீடுகள் வரிசையாக இருக்கிற தெரு முனையில். கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் இடம். கடையில் இரண்டு கவுண்டர். வாசலை ஒட்டிக் கவுண்டர் ஒன்று, இரண்டு மூன்று சாமான் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு. உள்ளே கவுண்டர் இரண்டு, தள்ளுவண்டி நிறைய மாதச் சாமான் எடுக்கிற குடும்பங்களுக்கு. முதலாளி நாகராஜ் சார். சப்ளையர்களோடு தெலுங்கு, நம்மோடு தமிழ். எந்த மொழியில் ஆரம்பித்தாலும் கோபம் வந்தால் கன்னடத்தில்தான் முடிப்பார். ஆகவே அவர் கன்னடத்துக்கு மாறும் நேரத்தைக் கவனித்துக்கொண்டே பேசுங்கள்.

கவுண்டர் ஒன்றில் மஞ்சுளா அக்கா. கல்லாவிப் பக்கத்து ஊர். அப்பா அம்மா கூலி வேலை, இவர் பத்தாவது வரை படித்தவர். கல்யாணமாகி இங்கே வந்து, கடையின் பின்பக்கம் பேக்கிங் அறையில் நான்கு வருடம் பருப்பும் சர்க்கரையும் எடை போட்டுக் கட்டினார். நடுநடுவே வந்து நின்று பார்த்தே பில் போடக் கற்றுக்கொண்டு, கவுண்டருக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் மெஷின் வைக்கப் போன முதல் நாளே சொன்னார்: "கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேல செய்யறன்னு எங்கம்மா ஊரு பூரா சொல்லி வெச்சிருக்குது மேடம். இதுல எதுனா கோளாறு பண்ணி என்ன பின்னாடி அனுப்பிடாதீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கவுண்டர் வேலை ஏழு மணிக்கு முடியும். பேக்கிங் என்றால் கடை மூடும்வரை நிற்க வேண்டும். பெண் பன்னிரண்டாம் வகுப்பு. ஏழரைக்கு அம்மா வீட்டில் இருப்பது அந்த ஆறு மாதமாகத்தான்.

என் இரண்டாம் வருடத்தில் ஒரு மாதத் தொடக்கம். அந்த வாரம் போனை டச் பண்ணிக் கட்டினால் பில்லில் ஐம்பது ரூபாய் குறையும் என்று ஒரு சலுகை ஓடியது. ஓசூரில் ஐம்பது ரூபாய் குறைகிறது என்றால் செய்தி பஸ்ஸை விட வேகமாகப் போகும். கவுண்டர் இரண்டில் டச் சரசரவென்று விழுந்தது. கவுண்டர் ஒன்றில் விழவில்லை. நாகராஜ் சார் புகார் போட்டார். செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போனேன்.

கடையில் ஈ, காக்காய் இல்லை. மஞ்சுளா அக்கா சொன்னார்: "சாயங்காலம் ஆனாத்தான் மேடம் இது தகராறு பண்ணுது. ஒரே ஒரு கார்டு மட்டும் காட்டுங்கன்னு இங்கிலீஷ்ல எழுத்து வருது. அவங்க கையில கார்டே இல்ல, போன் மட்டுந்தான். அப்பவும் அதேதான் வருது."

"அப்படி வராதுக்கா," என்றேன். "ரெண்டு கார்டு பக்கத்துல இருந்தாத்தான் அந்த மெசேஜ் வரும். நீங்க அவசரத்துல முந்தின பில்லை முடிக்காம வெச்சிருப்பீங்க."

"முடிச்சிட்டுதான் மேடம் வெக்கறன்."

என் போனை எடுத்துப் பதினைந்து தடவை வைத்துப் பார்த்தேன். பதினைந்தும் விழுந்தது. மெஷின் நல்ல மெஷின். அப்படியானால் ஆள்தான். எவ்வளவு சுலபமான கணக்கு பாருங்கள். ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் அடித்தேன்: 'கவுண்டர் 1, மெஷின் சரி. இயக்குபவர் மஞ்சுளாவுக்குப் பயிற்சி தேவை.' மூன்று நிமிடம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டேன். நாம் அனுப்பும் ரிப்போர்ட் தானாகவே கடை முதலாளியின் போனுக்கும் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் நாகராஜ் சாரிடமிருந்து போன்.

"மேடம், நீங்க சொன்னபடியே பண்ணிட்டேன். நாளையிலிருந்து கவுண்டர் ஒண்ணுல என் மச்சான் உக்காருவான். அந்தம்மா பேக்கிங்குக்குப் போவுது."

"நான் எப்ப சார் அப்படிச் சொன்னேன்?"

அவர் என் ரிப்போர்ட்டை எனக்கே படித்துக் காட்டினார். நிறுத்தி நிறுத்தி, கோர்ட்டில் படிப்பதைப் போல. "எழுத்துல இருக்குதே மேடம்."

பாகலூர் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டி நின்றிருந்தேன். மே மாதமா, வெட்கமா, எதனால் என்று தெரியவில்லை, காதெல்லாம் சுட்டது. "சார், இன்னிக்குச் சாயங்காலம் நானே வந்து அவங்க கூட நிக்கறேன். பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

"ஏழு மணி வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல எனக்குப் பொறுமை கிடையாது. இப்பவே பாதி ஜனம் கூடையைக் கீழ வெச்சிட்டு எதிர்க் கடைக்குப் போறாங்க."

ஐந்தே காலுக்கெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றேன். மஞ்சுளா அக்கா என்னைப் பார்த்தார். நாற்காலியை மட்டும் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்கள் வந்தன. பத்து நிமிடத்தில் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. ஷாம்பூ, பால் பாக்கெட், முட்டை, சிப்ஸ். முதல் ஆள் போனை வைத்தார். மெஷின் 'ஒரே ஒரு கார்டு' என்றது. மறுபடி வைத்தார். மறுபடி அதுவே. இரண்டாம் ஆளுக்கும் அதே. மஞ்சுளா அக்கா ஒவ்வொரு பில்லையும் ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார்.

"நகருங்கக்கா, நான் போடறேன்."

நான் போட்டேன். எனக்கும் விழவில்லை. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நாகராஜ் சார், "ஓ, உங்களுக்கும் டிரெய்னிங் வேணுமா மேடம்?" என்றார்.

ஓடிப்போய்க் கவுண்டர் இரண்டின் மெஷினைக் கொண்டுவந்து வைத்தேன். அதுவும் விழவில்லை. இதற்குள் உள்ளே மெஷின் இல்லாமல் நின்ற குடும்பங்களும் சத்தம் போட ஆரம்பித்தன. வரிசையில் தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன், கம்பெனிச் சட்டை கூட மாற்றவில்லை, "எக்கா, அம்பது ரூவா குறையும்னு வந்தேன், அதுக்குள்ள பசியில அம்பது ரூவாய்க்குச் சாப்ட்ருவேன் போலயே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் டீம் லீடருக்குப் போன் போட்டேன். "புது மெஷின் நாளைக்கு அனுப்பிடலாம்," என்றார். "இன்னிக்கு எல்லாரையும் க்யூஆர் ஸ்கேன் பண்ணச் சொல்லிட்டுக் கிளம்பி வா."

தம்பிகளே, தங்கச்சி, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் சொன்னதில் விதிப்படி ஒரு தப்பும் இல்லை. புது மெஷின் வரும், புகார் மூடப்படும், என் பெயருக்கு ஒரு கீறலும் விழாது. ஆனால் அந்தப் புது மெஷினும் பகல் பதினொரு மணிக்கு அழகாக வேலை செய்யும். அதற்கு முன்பே மஞ்சுளா அக்கா பேக்கிங் அறைக்குப் போயிருப்பார். மணி ஆறு. எனக்கு என்ன கோளாறு என்று தெரியாது. தெரியாமல் நிற்பது எனக்குப் பழக்கமே இல்லை. கை தானாகவே மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கொண்டிருந்தது.

மஞ்சுளா அக்கா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மேடம், வந்ததுல இருந்து நீங்க மெஷினையே பாக்கறீங்க. காலையில வர்றவங்களுக்கு விழுது. சாயங்காலம் வர்றவங்களுக்கு விழல. மெஷின் அதேதான, ஆளுங்கதான வேற? போயி அவங்களப் பாருங்க."

மெஷினை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். மூன்று வருடத்தில் நான் செய்த மிக நல்ல வேலை அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். இரண்டு வருடமாகக் கவுண்டருக்கு அந்தப் பக்கமே நின்று பழகியவளுக்கு, வாங்குகிறவர்களின் வரிசை வேறு ஊர் மாதிரி இருந்தது. முன்னால் நின்றவர் போனைக் காதில் வைத்துச் சீட்டுப் பணத்தைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவர் பக்கவாட்டில் திரும்ப, போனின் முதுகு என் மூக்குக்கு நேரே. அதில் ஒரு முகம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் அவரே என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு முன்னால் நின்றவரின் போனிலும் ஒரு முகம். அதற்கு முன்னால் நின்ற பெண்ணின் போனிலும். வரிசை முழுக்கக் கையில் தொங்கிய போன்களின் முதுகில் எல்லாம் முகங்கள்.

கம்பெனி அடையாள அட்டை, உள்ளே சிப் வைத்தது. கழுத்தில் கயிறு கட்டி மாட்டினால் கம்பெனி மெஷினில் சிக்கும் என்று பலர் அதைக் கழற்றி, போனின் கண்ணாடிக் கவருக்குள் செருகி வைத்திருக்கிறார்கள். கேட்டில் போனைக் காட்டினால் வருகைப் பதிவு, கேண்டீனில் போனைக் காட்டினால் சாப்பாடு. நம் மெஷின் காற்றில் 'யாருப்பா கார்டு?' என்று கேட்கும்போது போனும் 'நான்' என்கிறது, பின்னால் செருகியிருக்கிற அட்டையும் 'நான்' என்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினால் மெஷின் யாரிடமும் பணம் எடுக்காது. ஸ்கேன் பண்ணும்போது இந்தத் தொல்லையே கிடையாது, அதனால் அவர்கள் யாருக்கும் இது தெரியவும் தெரியாது. பகல் பதினொரு மணிக்கு வருகிறவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை. கவுண்டர் இரண்டுக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து வருகிறவர்கள். என் போனின் கவருக்குள் ஒன்றுமே இல்லை.

மஞ்சுளா அக்கா செவ்வாய்க்கிழமையே இதைத்தான் சொன்னார். இரண்டு கார்டு இருந்தால்தான் அந்த எழுத்து வரும் என்று நானும்தான் சொன்னேன். இரண்டு பேரும் சரியாகச் சொல்லியிருக்கிறோம். இரண்டாவது கார்டைத் தேடிப் பார்க்க வேண்டியவள் நான், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

வரிசையை விட்டு ஓடினேன். கவுண்டரில் அந்தத் தென்காசிப் பையன்தான் நின்றிருந்தான். "தம்பி, அந்த ஐடி கார்டை வெளிய எடுங்க."

"எதுக்குக்கா? இது தொலைஞ்சா நாளைக்கு எனக்குச் சோறு கிடையாது."

"ஒரு நிமிஷம் கையில பிடிங்க. இப்ப போனை வைங்க."

'டிங்' என்றது. அவ்வளவுதான். பில் பேப்பர் தன்பாட்டில் வெளியே வந்தது. பையன் பில்லைப் பார்த்துவிட்டு, "குறைஞ்சிட்டு" என்றான், பரீட்சையில் பாஸ் ஆனவனைப் போல.

இனி நான் விளக்க ஆரம்பித்திருப்பேன். அலைவரிசை வரைக்கும் போயிருப்பேன். வாயைத் திறப்பதற்குள் மஞ்சுளா அக்கா நாற்காலியில் இருந்து எழுந்து நின்று வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "போன் கவர்ல போட்டோ வெச்சிருக்கறவங்க எல்லாம் போட்டோவ எடுத்து ஜோபுல வெச்சிட்டு வாங்க. போன் மட்டும் காட்டுங்க, மூஞ்சிய காட்டாதீங்க."

ஒரே வரி. தமிழ் புரியாத இரண்டு வடமாநிலத்து ஆட்களுக்குத் தன் சொந்த பஸ் பாஸை எடுத்து, போனுக்குப் பின்னால் வைத்து, வெளியே இழுத்துக் காட்டினார். அவர்களும் தலையாட்டிவிட்டு இழுத்தார்கள். அதற்குப் பிறகு வரிசை ஓடியது. ஒவ்வொரு அட்டையும் வெளியே வரும்போது ஒரு பேச்சு. "போட்டோல மீசை இருக்குது, இப்ப எங்க போச்சு?" "பொண்ணு பாக்கப் போறப்ப எடுத்துட்டன்கா." "பொண்ணு கெடைச்சுதா?" "இல்லக்கா." "அப்பறம் என்னாத்துக்கு எடுத்த, மறுபடியும் வெய்யி." டிங். அடுத்தது. ஒருவர் மட்டும் இவ்வளவு நாள் தன் கேண்டீன் கார்டிலிருந்து கடை பணம் எடுத்திருக்குமோ என்று சந்தேகப்பட்டார். "எடுத்தா இட்லிதாங்க வரும், போங்க" என்றார் அக்கா.

ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வரிசை தீர்ந்தது. நாகராஜ் சார் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. "ஸாகு, போதும், பார்த்துட்டேன்," என்றார். கன்னடம் வந்துவிட்டதே என்று பயந்தேன். ஆனால் கோபமில்லை. "ஆனா மேடம், எனக்கு எழுத்துல வேணும். நீங்க எழுத்துல குடுத்ததாலதான் அன்னிக்கு நம்பினேன். இன்னிக்கும் எழுத்துல குடுங்க."

பழைய ரிப்போர்ட்டைத் திருத்த முடியாது, உங்களுக்குத் தெரியும். புதிதாக ஒன்று போட வேண்டும். அதில் 'முந்தைய வருகையில் தவறு' என்று ஒரு கட்டமும், அதற்கு யார் பொறுப்பு என்று இன்னொரு கட்டமும் வரும். டீம் லீடரிடம் சொன்னேன். "பொறுப்புல 'மற்றவை'னு போட்டு விடு," என்றார். "இன்க்ரிமென்ட் மாசத்துல உன் பேரை நீயே போட்டுக்குவியா?" அவர் கெட்டவர் இல்லை, என் மேல் அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் 'மற்றவை' என்று ஒருவர் இல்லையே. நான் என் பெயரைப் போட்டேன். அந்த வருடம் இன்க்ரிமென்ட் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. ஸ்கூட்டிக்கு இரண்டு டயர் மாற்றுகிற அளவுக்கு வந்தது, போதும். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: காரணக் கட்டத்தில் ஒரு ஆளின் பெயரை அடிக்கும் முன்பு, அந்த ஆள் நிற்கிற நேரத்தில், அந்த ஆளுக்கு எதிரே நிற்பவர்களோடு ஒரு முறை வரிசையில் நின்று பாருங்கள். பிஸ்கட் செலவு உங்களுடையது.

ரிப்போர்ட்டை அடித்து முடித்துவிட்டு, அனுப்பும் முன்பு மஞ்சுளா அக்காவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். 'அடையாள அட்டை போனுடன் இருந்ததே காரணம். கோளாறைப் பணியாளர் முன்னரே சரியாகக் குறிப்பிட்டிருந்தார்.' நன்றாக எழுதியிருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்கண்ணு," என்றார். முதல் தடவையாக மேடம் போய்விட்டது. "தப்புன்னப்ப மஞ்சுளான்னு எழுதின. சரின்னா மட்டும் பணியாளரா?"

பணியாளரை அழித்துவிட்டு அவர் பெயரை அடித்தேன். "இனிஷியல் போடணுமாக்கா?"

"போடு. கே."

கே. மஞ்சுளா. அவர் ஒரு தடவை பார்த்துத் தலையாட்டிய பிறகு அனுப்பினேன். உள்ளே நாகராஜ் சாரின் போன் சத்தம் போட்டது. எடுத்துப் படித்தார். படித்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார்.

"மஞ்சுளா, மச்சானை வர வேணாம்னு சொல்லிடறேன். நாளைக்குச் சனிக்கிழமை, கூட்டம் ஜாஸ்தி. நீயே கவுண்டர்ல எட்டு மணி வரைக்கும் உக்காந்துடு."

அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். "ஏழு மணி வரைக்கும் சார்," என்றார்.

நாகராஜ் சார் வாயைத் திறந்தார். எந்த மொழியில் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"சரிம்மா," என்றார், தமிழில்.